சூனிய வேட்டை எப்படி நடக்கிறது? பயம், அதிகாரம், ஒரு பெயர்

ஊரில் ஒரு கெட்டது நடக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. நேற்றுவரை நன்றாக இருந்த கறவை மாடு காலையில் செத்துக் கிடக்கிறது. காரணம் யாருக்கும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் இருப்பதை மனிதர்களால் ரொம்ப நாள் தாங்க முடியாது. அந்த நேரம் பார்த்து, ‘இது தானா நடந்ததில்லை, இன்னார் வைத்த வேலை’ என்று ஒருவர் சொல்கிறார். கேட்டவர்கள் நம்புகிறார்கள். பெயர் சொல்லப்பட்டவரை ஊர் சேர்ந்து ஒதுக்குகிறது, அடிக்கிறது, சில சமயம் கொன்றே விடுகிறது. இதைத்தான் சூனிய வேட்டை என்கிறோம்.

சூனியத்தை நம்புவதும் சூனிய வேட்டையும் ஒன்றல்ல. இங்கே கோத்தகிரி கடைவீதியில் எத்தனையோ கடை வாசலில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் தொங்குகின்றன. பிள்ளை சோர்ந்து படுத்தால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். ‘யார் கண்ணு பட்டதோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பேச்சில் யாருடைய பெயரும் இல்லை, அதனால் யாருக்கும் அடி விழுவதில்லை. பெயர் ஒன்று வந்து விழுந்த பிறகு நிலைமை வேறு. ஆகவே இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள, அந்தப் பெயரைப் பின்தொடர்ந்து போவதுதான் நல்ல வழி என்று நினைக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது, அதைச் சொல்லும் துணிச்சலை யார் கொடுக்கிறார்கள், சொல்லப்பட்டவரால் ஏன் தப்ப முடியவில்லை, எந்த இடத்தில் யாரால் அதை நிறுத்த முடிந்தது என்று பார்ப்போம்.

ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தை (தொழிலாளர் குடியிருப்பை) நினைத்துக்கொள்ளுங்கள். இது நான் சொல்லும் உதாரணம்தான், நடந்த கதை இல்லை. குழந்தைக்கு மூன்று வாரமாகச் சுகமில்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. பெற்றவர்கள் பதறிப்போய்க் குறி கேட்கப் போகிறார்கள். குறி சொல்பவர் கண்ணை மூடி, ‘உங்க வீட்டுக்குத் தெற்கே... ஒரு பொம்பளை... உங்க வீட்டுல கை நனைச்சவதான்... ஆம்பளை துணை இல்லாதவ’ என்கிறார். பெயர் சொல்வதில்லை. லயத்தில் வீடுகள் வரிசையாக இருக்கின்றன, தெற்கே யாராவது இருக்கத்தான் செய்வார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் யோசிக்கிறார்கள். போன மாசம் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போட்டது யார்? குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு ‘என்ன அழகா இருக்கு’ என்று சொன்னது யார்? பஸ்ஸை விட்டு இறங்கும்போது பெயர் தயாராக இருக்கிறது.

இந்தக் கதையில் பெயரைச் சொன்னது யார் என்று யாராலும் கைகாட்ட முடியாது. குறி சொன்னவர், ‘நான் பெயரே சொல்லலையே’ என்பார். பெற்றோர், ‘நாங்களா சொன்னோம், சாமி சொல்லுச்சு’ என்பார்கள். பழைய மனஸ்தாபத்தைக் குடும்பம் கொடுத்தது. அதைப் பேசுவதற்கான தைரியத்தைக் குறி கொடுத்தது. பயம் மட்டும் இருந்தால் அது வீட்டுக்குள் அழுதுகொண்டு கிடக்கும். அதற்கு ஓர் அதிகாரத்தின் ஒப்புதல் கிடைக்கும்போதுதான் அது தெருவுக்கு வருகிறது. அந்த அதிகாரம் குறிமேடையாக இருக்கலாம், ஊர்ப் பஞ்சாயத்தாக இருக்கலாம், நீதிமன்றமாகவும் இருந்திருக்கிறது.

எந்தப் பெயர் வந்து விழும் என்பதும் தற்செயல் இல்லை. தனியாக இருக்கும் வயதானவள், கேட்பதற்கு ஆள் இல்லாத விதவை, கொஞ்சம் நிலம் வைத்திருந்து அதன் மேல் சொந்தக்காரர்கள் கண் வைத்திருக்கும் பெண், வாய் கொஞ்சம் நீளமானவள். அப்புறம், மருந்து தெரிந்தவர்கள். குணப்படுத்தத் தெரிந்தவருக்குக் கெடுக்கவும் தெரியும் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது.

இந்த மலையிலேயே அப்படி ஒரு பெரிய கொடுமை நடந்திருக்கிறது. ஊட்டி, குன்னூர் பார்க்க வருபவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

பழைய நீலகிரியில் மேல்தளத்தில் படகர் விவசாயம் செய்தார்கள், தோடர் எருமை வளர்த்தார்கள், கோத்தர் இரும்பு வேலையும் மண்பாண்டமும் செய்தார்கள், விசேஷங்களுக்கு இசை வாசித்தார்கள். சரிவுகளில், காட்டுக்குள், மலேரியா வாட்டிய பள்ளத்தாக்குகளை ஒட்டிக் குறும்பர் இருந்தார்கள். தேன் எடுப்பதும் மூலிகை அறிவதும் அவர்கள் தொழில். மேலே இருந்தவர்கள் அனைவருக்கும் குறும்பர்மேல் பயம் இருந்தது. அவர்கள் கூப்பிட்டால் யானை வரும், மூலிகையைத் தூவினால் பாறை பொடிப்பொடியாகும் என்றெல்லாம் பேச்சு. அதே சமயம் படகர் ஊர்கள் தங்களுக்கென்று ஒரு குறும்பரை வைத்துக்கொண்டன. விதைப்பைத் தொடங்கி வைப்பது அவர், மற்ற குறும்பர்களின் மந்திரம் ஊரை அண்டாமல் காப்பதும் அவர். அதற்கு அறுவடையில் தானியம் கொடுப்பார்கள். காவலும் அவரே, பயமும் அவரே. இப்படி ஓர் உறவு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் என்று யோசித்துப் பாருங்கள். விளைச்சல் நன்றாக இருக்கும்வரை மரியாதை. ஊரில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தால்?

1835-இல் ஏறத்தாழ ஐம்பது குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1875-இலும் 1882-இலும் மறுபடியும் கொலைகள் நடந்தன. 1900-இல் ஒரு குறும்பக் குடும்பமே முழுதாகக் கொல்லப்பட்டது. குடும்பத் தலைவர் வைத்தியம் தெரிந்தவர் என்று பெயர் பெற்றவர். ஒரு படகர் ஊரில் நோயும் சாவும் வந்ததற்கு அவர்தான் காரணம் என்று நம்பினார்கள். வெள்ளைக்காரர் காலத்து மாவட்டக் கெஸட்டியர் (அரசின் மாவட்ட விவர நூல்) இதைப் பதிவு செய்திருக்கிறது. சுற்றுவட்டாரம் முழுக்கக் கொலை செய்தவர்கள் பக்கமே அனுதாபம் காட்டியதால் துப்புத் துலக்குவதே கஷ்டமாகிவிட்டது என்றும், குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள் என்றும் அது சொல்கிறது. போலீஸ் இருந்தது, கோர்ட் இருந்தது, சட்டம் இருந்தது. சாட்சி சொல்ல ஆள் இல்லை.

இந்தக் குறிப்புகளை எழுதியவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். செத்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. குறும்பர் தரப்பில் அந்த ராத்திரிகளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று அந்த வரிகளில் தேடினால் ஒன்றும் கிடைக்காது. இதை எழுதும்போது ஒரு சமூகத்தைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. தடுப்பூசியோ டாக்டரோ எட்டாத அந்தக் காலத்தில், பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் பயம் உண்மையான பயம். படகர் இருந்த இடத்தில் வேறு யார் இருந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கலாம், உலகம் முழுக்க நடந்துமிருக்கிறது. ஆனால் பயம் உண்மையாக இருந்தது என்பதால் பழியும் உண்மையாகிவிடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒருவருக்குப் பார்வையாலேயே ஆளைக் கொல்லும் சக்தி இருப்பதாக மெய்யாகவே நம்பினால், அவருடைய குடிசையைப் போய்ச் சூழ்ந்துகொள்ள எத்தனை பேர் துணிவார்கள்? திருப்பி அடிக்க முடியாதவர் அவர் என்பது சூழ்ந்தவர்களின் அடிமனசுக்குத் தெரிந்திருக்கிறது. சூனிய வேட்டையில் அபாரமான சக்தி இருப்பதாகச் சொல்லப்படுபவர், நிஜத்தில் அந்த ஊரிலேயே சக்தி குறைந்தவர். எந்த நாட்டு உதாரணத்தை எடுத்தாலும் தொடக்கத்தில் இதைப் பார்க்கலாம்.

தொடக்கத்தில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வேட்டை சூடுபிடித்த பிறகு அது ஆள் பார்ப்பதில்லை. இதற்கு உலகத்தில் அதிகம் ஆராயப்பட்ட உதாரணம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இருக்கும் சேலம் (நம் மாம்பழச் சேலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). 1692 ஜனவரியில் சாமுவேல் பாரிஸ் என்ற பாதிரியாரின் வீட்டில் 9 வயது மகளுக்கும் 11 வயது உறவுக்காரச் சிறுமிக்கும் வலிப்பு போல ஏதோ வந்தது. கெட்ட சக்தியின் வேலை என்றார் பார்க்க வந்த மருத்துவர். முதலில் விழுந்த பெயர்கள் மூன்று. அந்த வீட்டில் அடிமையாக இருந்த டிட்யூபா, வீடு வீடாகக் கையேந்திய சாரா குட், நோயாளியாகி ரொம்ப நாளாகக் கோயிலுக்கு வராத சாரா ஆஸ்போர்ன். லயத்து உதாரணத்தில் பார்த்த அதே கணக்கு. வடக்கே போர் நடந்துகொண்டிருந்தது, அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள், ஆட்சி யாருடையது என்பதே குழப்பமாக இருந்தது. ஊர் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்களில் 150 பேருக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டார்கள். 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், அவர்களில் 5 பேர் ஆண்கள்.

அந்தக் கோர்ட் ஏற்றுக்கொண்ட சாட்சியம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். ‘இந்த அம்மாவின் ஆவி ராத்திரி என்னிடம் வந்து கழுத்தை நெரித்தது’ என்று ஒரு சிறுமி சொல்வாள். அந்த ஆவி அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். ‘நான் அன்றைக்கு வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், புருஷனே சாட்சி’ என்று சொல்லிப் பயனில்லை, ஏனென்றால் வந்தது உடம்பு இல்லையே. மறுக்க மறுக்க, ‘பிசாசு இவளை இப்படிப் பேச வைக்கிறது’ என்றார்கள். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் கல்நெஞ்சு.

இதில் ஒரு பயங்கரமான வாசல் மட்டும் திறந்திருந்தது. ‘ஆமாம், நான் சூனியக்காரிதான்’ என்று ஒப்புக்கொண்டு அதிலேயே நின்றவர் யாரும் தூக்கில் ஏறவில்லை. மறுத்தவர்கள்தான் ஏறினார்கள். ஒப்புக்கொண்டவரிடம் அடுத்த கேள்வி வரும்: ‘உன்னோடு வேறு யார் இருந்தார்கள்?’ உயிர் பிழைக்க ஒருத்தி நாலு பெயர் சொன்னாள், அந்த நாலு பேரில் இரண்டு பேர் ஆளுக்கு நாலு சொன்னார்கள். பெயர்கள் இப்படித்தான் பெருகின. ஐரோப்பாவில் இதே வேலையைச் சித்திரவதை செய்தது. 15-ஆம் நூற்றாண்டு முதல் 18-ஆம் நூற்றாண்டு வரை அங்கே 40,000 முதல் 60,000 பேர்வரை கொல்லப்பட்டார்கள் என்பது இன்றைய வரலாற்று ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் கணக்கு. ஜெர்மனியில் தண்டனை பெற்றவர்களின் கடைசிப் பாவ அறிக்கையைக் கேட்கும் வேலையில் இருந்த ஃப்ரீட்ரிக் ஷ்பே என்ற பாதிரியார், 1631-இல் தன் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டு இதை உடைத்துச் சொன்னார். இந்தச் சித்திரவதையை யாருக்குச் செய்தாலும் சூனியம் செய்ததாக ஒப்புக்கொள்வார்கள், இத்தனை சூனியக்காரர்களை உண்டாக்குவதே சித்திரவதைதான் என்பது அவர் வாதம். பெயர் போடாததற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை. பெயர் தெரிந்திருந்தால் அடுத்த பெயர் அவருடையதாக இருந்திருக்கும்.

இந்த வேட்டைக்கு நடுவில் நேர்மையாக நிற்க முயன்றவர்களை இனிப் பார்ப்போம். இப்படி ஓர் அமைப்புக்குள் நேர்மை என்பது கூட்டத்துக்கு நடுவில் எழுந்து வீரவசனம் பேசுவது இல்லை. அடுத்த பெயரைச் சொல்ல மறுப்பது, அவ்வளவுதான். அதற்கு விலை என்ன என்பது சொல்பவருக்குத் தெளிவாகத் தெரியும்.

அந்த அமெரிக்கச் சேலத்தில் மாட்டிய மார்கரெட் ஜேக்கப்ஸ் என்ற இளம்பெண்ணின் கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். டீன் ஏஜ் வயது. ஒப்புக்கொண்டால் உயிர், இல்லாவிட்டால் தூக்கு என்று மிரட்டியதும் ஒப்புக்கொண்டாள். தன் சொந்தத் தாத்தா ஜார்ஜ் ஜேக்கப்ஸின் பெயரையும், ஜார்ஜ் பரோஸ் என்ற பாதிரியாரின் பெயரையும் சொன்னாள். அதன்பிறகு மனசாட்சி அவளைத் தூங்கவிடவில்லை. உயிர் பிழைக்கச் சொன்ன பொய்தான் தன்னை அழிக்கும் என்று பயந்தாள். சொன்னதெல்லாம் பொய் என்று வாபஸ் வாங்கினாள். கோர்ட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பரோஸ் தூக்கிலேறுவதற்கு முந்தைய நாள் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் மன்னித்து, அவளோடும் அவளுக்காகவும் ஜெபம் செய்தார். ஆகஸ்ட் 19 அன்று தாத்தாவும் பரோஸும் தூக்கிலிடப்பட்டார்கள். வாபஸ் வாங்கியது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இன்னொருவர் சாட்சி: சாமுவேல் வார்ட்வெல் என்பவர் ஒப்புக்கொண்டுவிட்டுப் பின்னர் மறுத்தார், செப்டம்பர் 22 அன்று அவரைத் தூக்கில் போட்டார்கள். மார்கரெட் பிழைத்தது உடல்நலம் கெட்டு அவள் விசாரணை தள்ளிப்போனதால்தான். விடுதலையான பிறகும் அவளால் வெளியே வர முடியவில்லை. சிறையில் இருந்த நாட்களுக்கான சாப்பாட்டுச் செலவைக் கைதியே கட்ட வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தாலும் அதே கதைதான். கடைசியில் முன்பின் தெரியாத ஒருவர் பணம் கட்டி அவளை வெளியே கொண்டுவந்தார்.

நேர்மையாளர் என்றால் முதலிலிருந்தே கறை படாதவர் என்று நினைக்கிறோம். மார்கரெட் முதலில் உடைந்தாள், பிறகு திரும்பி வந்தாள். கைல்ஸ் கோரி என்ற கிழவரும் அப்படித்தான். எண்பது வயதை ஒட்டியவர். வசந்த காலத்தில் தன் மனைவி மார்த்தாவுக்கு எதிராகவே சாட்சி சொன்னார். தன்மேல் வழக்கு வந்தபோது குற்றவாளி என்றோ இல்லை என்றோ எதுவும் சொல்ல மறுத்துவிட்டார். பதில் சொல்லாவிட்டால் வழக்கு நடத்த முடியாது. வாயைத் திறக்கவைக்க அவர்மேல் பலகை போட்டுக் கல்லை ஏற்றினார்கள். செப்டம்பர் 19 அன்று அந்தப் பாரத்தின் கீழேயே இறந்தார், பதில் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து மார்த்தாவைத் தூக்கிலிட்டார்கள். அதே நாளில் தூக்கிலேறிய மேரி ஈஸ்டி, தன் உயிரைக் கேட்டு மனு எழுதவில்லை. ‘நான் சாகத்தான் வேண்டும் என்று தெரியும், இனியாவது குற்றமற்றவர்களின் ரத்தம் சிந்தாமல் பாருங்கள்’ என்பதே அவர் மனுவின் சாரம்.

நாற்காலியில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? முதல் தூக்குக்குப் பிறகு நத்தானியேல் சால்டன்ஸ்டால் என்ற நீதிபதி அந்தக் கோர்ட்டிலிருந்து விலகினார். விலகினாரே தவிர வெளிப்படையாக எதிர்த்துப் போராடவில்லை. அது போதுமா என்று கேட்டால், போதாது என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் மற்றவர்கள் அதுகூடச் செய்யவில்லை. ரெபெக்கா நர்ஸ் என்ற 71 வயதுப் பாட்டியை ஜூரிகள் முதலில் குற்றமற்றவர் என்றார்கள். கோர்ட்டில் சிறுமிகள் கூச்சலிட்டார்கள், தலைமை நீதிபதி ஸ்டவுட்டன் மறுபடி யோசிக்கச் சொன்னார், ஜூரிகள் தீர்ப்பை மாற்றினார்கள். பாட்டி தூக்கிலேறினார். சரி என்று பட்டதை ஒருமுறை சொல்லிவிட்டு, கூச்சலுக்கு நடுவில் இரண்டாம் முறையும் அதையே சொல்ல முடியாமல் போன அந்தப் பன்னிரண்டு பேரை நாம் எல்லாரும் நமக்குள் அடையாளம் காண முடியும். பிறகு ஜூரிகள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்கள். நீதிபதி சாமுவேல் சூவல் 1697 ஜனவரியில், தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதியதைப் பாதிரியார் தேவாலயத்தில் வாசிக்க, எல்லார் முன்னும் எழுந்து நின்றார். ஸ்டவுட்டன் கடைசிவரை வருத்தம் தெரிவிக்கவில்லை.

வேட்டை எப்போது நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். பெயர்கள் மேலே ஏறிப் பெரிய இடத்து ஆட்களைத் தொட்டன, ஆளுநர் ஃபிப்ஸின் மனைவியைப் பற்றிக்கூடப் பேச்சு எழுந்தது. அக்டோபரில் ஆளுநர் அந்தக் கோர்ட்டைக் கலைத்தார். அடுத்து வந்த கோர்ட் ஆவிச் சாட்சியத்தை ஏற்க மறுத்ததும் பெரும்பாலோர் விடுதலையானார்கள். அதே ஊர், அதே ஜனங்கள், அதே பயம். சாட்சியத்தின் விதி மட்டும் மாறியது.

இதெல்லாம் பழைய கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, சத்தீஸ்கர், அசாம் மாநிலங்களில் இன்றும் பெண்கள் இந்தப் பழியால் கொல்லப்படுகிறார்கள். பீகார் 1999-இல் இதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது, பிறகு மற்ற சில மாநிலங்களும் கொண்டுவந்தன. ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ 1995-இல் தன் ஊராராலேயே தாக்கப்பட்டு, பிள்ளைகளோடு தப்பி ஓடியவர். பிறகு அதே பழிக்கு ஆளான எத்தனையோ பெண்களைக் காப்பாற்றினார். அசாமின் பிருபாலா ராபாவின் மகன் நோயில் கிடந்தபோது, மூன்று நாளில் செத்துவிடுவான் என்று குறி சொல்பவர் சொன்னார். மகன் சாகவில்லை. அந்த அம்மா அங்கிருந்து யோசிக்கத் தொடங்கினார், பிறகு பொதுக்கூட்டத்தில் எழுந்து சூனியக்காரி என்று யாரும் கிடையாது என்று சொன்னார். ஊர் அவரை ஒதுக்கிவைத்தது. இருவருக்கும் 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

நம் மாநிலத்திலும் பிசாசு இல்லாமலே ஒரு வேட்டை நடந்தது. 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தி பரவிய நேரத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடித் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு வந்த ஒரு வயதான அம்மா குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அடித்ததில் இறந்துபோனார். வெளியூர் முகம், குழந்தை, காரணம் புரியாத பயம், எல்லாம் சேர்ந்தன. குறிமேடை இருந்த இடத்தில் செல்போன் இருந்தது. அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி மாற்றியது.

அப்படியானால் பக்கத்தில் ஒரு பெயர் அடிபடும்போது நாம் என்ன செய்யலாம்? முதலில், கொலை எடுத்த எடுப்பில் நடப்பதில்லை. அந்த வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவார்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். அந்தக் கட்டத்திலேயே நாலு பேர் பார்க்க அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வரலாம். ‘நீ பார்த்தியா, இல்ல யாரோ சொன்னாங்களா’ என்று கேட்கலாம். ‘அவங்க செய்யலைன்னா அதை அவங்க எப்படித்தான் நிரூபிக்க முடியும்’ என்றும் கேளுங்கள். எதைச் சொன்னாலும் குற்றம்தான் என்றால் அங்கே நடப்பது விசாரணை இல்லை. சுகமில்லாத பிள்ளையை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் துணைக்குப் போங்கள், பயத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. பேச்சு மிரட்டலாக மாறினால் 112-க்குப் போன் செய்யுங்கள். பழி சுமத்தப்பட்டவர் பெண்ணாக இருந்தால் 181 என்ற மகளிர் உதவி எண்ணும் இருக்கிறது.